நவரினோ விரிகுடா: பம்பாயில் கட்டிய கப்பல் சண்டை போட்ட இடம்

ஊர் திரும்பியதிலிருந்து எல்லாரும் கேட்பது ஒன்றுதான். “கிரீஸ் வரைக்கும் போயிட்டு சாண்டோரினி போகலையா?” போகவில்லை. அங்கே ஒரு ராத்திரிக்குக் கேட்ட வாடகையை நூறால் பெருக்கிப் பார்த்தேன், ஆசை அடங்கிவிட்டது. வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் காலண்டரிலேயே போதும் போதும் என்று பார்த்தாகிவிட்டது. நானும் தங்கையும் போனது பீலோஸ். கிரீஸின் தென்மேற்கு மூலையில், மெசீனியா மாவட்டத்தில், நவரினோ விரிகுடாவின் கரையில் இருக்கும் சின்ன ஊர்.

ஏன் அங்கே என்று தங்கையும் கேட்டாள். அவள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள், லீவு அவளுக்குத் தங்கம் மாதிரி. “அக்கா, ஒரு வாரம் லீவு போடறேன், நல்ல இடமா சொல்லு” என்றாள். சொன்னேன். வாட்ஸப்பில் நீண்ட நேரம் பதில் வரவில்லை.

பழைய பம்பாய்க் கப்பல் தளத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது மாட்டிய விஷயம் இது. வாடியா குடும்பத்தார் தலைமையில் அங்கே கட்டிய போர்க்கப்பல்களில் ‘ஏசியா’ என்று ஒன்று. 84 பீரங்கி, முழுக்கத் தேக்கு. 1824-ல் தண்ணீரில் இறக்கினார்கள். மூன்றே வருஷத்தில் அது பிரிட்டிஷ் தளபதி எட்வர்ட் கோட்ரிங்டனின் கொடிக்கப்பலாக இந்த விரிகுடாவுக்குள் நுழைந்து, துருக்கி சுல்தானின் ஆட்சியிலிருந்து கிரேக்கர்களின் விடுதலையைத் தீர்மானித்த சண்டையில் நடுவில் நின்றது. பம்பாய்த் தளத்துக்குத் தேக்கு பெரும்பாலும் மலபார்ப் பக்கத்துக் காடுகளிலிருந்துதான் போகும். நம்ம ஊர் மரம், கிரேக்கக் கடல், துருக்கிய குண்டு! இதைப் படித்த பிறகு எனக்கு வேறு எந்தத் தீவும் தோன்றவில்லை.

போகும் வழியை முதலில் ஒழுங்காக எழுதிவிடுகிறேன், நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஏதென்ஸில் கிஃபிசோஸ் பேருந்து நிலையத்திலிருந்து கலமாட்டாவுக்கு பஸ். மூன்று மணி நேரம் போல. நல்ல ரோடு, நல்ல பஸ், கொரிந்த் கால்வாய் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. சொல்ல வேறொன்றும் இல்லை.

கலமாட்டாவிலிருந்து பீலோஸ் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். அந்த ஐம்பது கிலோமீட்டரைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. நாங்கள் போய் இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு என்பதை யாரும் சொல்லவில்லை, இணையத்திலும் இல்லை. ஒட்டியிருந்த அட்டவணை முழுக்க கிரேக்க எழுத்தில். தங்கை போனில் அதைப் படம் பிடித்து மொழிபெயர்த்து, “இன்னும் இருபது நிமிஷத்துல ஒண்ணு இருக்கு அக்கா” என்றாள். அது போன சீசனின் அட்டவணையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சைகையில் விளக்கினார். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கழிப்பறைக்கும் சில்லறை கேட்டார்கள்.

கடைசியில் வந்த பஸ்ஸில் ஏசி இல்லை. ஏசி இருக்கிறது, போடவில்லை. ஜன்னல் திறக்க முடியாத வகை. செப்டம்பர் கடைசி, வெயில் திருச்சி அளவுக்கு இல்லையென்றாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்து வைத்தால் எந்த வெயிலும் வெயில்தான். மலைப்பாதை வேறு. ஆலிவ் தோப்புக்கு நடுவில் வளைந்து வளைந்து போகிறது. ஓட்டுநர் ஒரு கையில் போன், ஒரு கையில் ஸ்டியரிங். வளைவில் எதிரே லாரி வந்தால் போனைக் கீழே வைப்பார் என்று நினைக்காதீர்கள், லாரிக்காரருக்குக் கையசைப்பதற்காக ஸ்டியரிங்கை விடுவார். தங்கைக்குக் குமட்டல் வந்துவிட்டது. என் கைப்பையில் இருந்த எலுமிச்சை மிட்டாய்தான் மானத்தைக் காப்பாற்றியது. இறங்கும்போது அந்த மனிதர் ரொம்ப அன்பாக “வெல்கம்” என்று வேறு சொன்னார். திட்டவும் முடியவில்லை.

கடைசி வளைவில் விரிகுடா தெரிந்தது. அதைச் சொல்லாமல் பஸ்ஸை மட்டும் திட்டினால் பாவம். கடல் என்றே முதலில் தோன்றவில்லை, பெரிய ஏரி என்றுதான் நினைத்தேன். எதிரில் ஸ்ஃபக்தீரியா என்ற நீண்ட பாறைத் தீவு கடலை மறைத்துக்கொண்டு கிடக்கிறது, நாலரை கிலோமீட்டர் நீளத்துக்கு. வடக்கில் அந்தத் தீவுக்கும் கரைக்கும் நடுவில் உள்ள வாய்க்கால் மணல் தட்டிப்போய் ஆழமே இல்லை. பெரிய கப்பல் வர வேண்டும் என்றால் தெற்கு வாய் ஒன்றுதான் வழி. உள்ளே போனால் புயல் தொடாது. ஆனால் வாயில் எதிரி நின்றுவிட்டால் வெளியே வரவும் முடியாது. 1827-ல் நடந்தது எல்லாமே இந்த அமைப்பால்தான். இதைப் படத்தில் எத்தனை முறை பார்த்தும் எனக்கு மண்டையில் ஏறவில்லை, அந்தப் பாழாய்ப்போன பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்ததும் ஏறிவிட்டது.

தங்கிய இடம் மாடிப்படி நிறைய உள்ள ஒரு வீட்டின் மேல் அறை. கணவர் இறந்தபின் வீட்டம்மா ஒருவரே பார்த்துக்கொள்கிறார். இரண்டு பேருக்கு ஒரு இரவு நாற்பத்தைந்து யூரோ. சீசன் முடியும் நேரம் என்பதால் இந்த விலை, ஆகஸ்டில் இரண்டு மடங்காம். காலையில் லலாங்கியா என்று ஒன்று கொடுத்தார். மாவை நீளமாகத் திரித்து ஆலிவ் எண்ணெயில் பொரிப்பது. பாகில் முக்காத ஜிலேபி மாதிரி இருக்கிறது, மேலே தேன் ஊற்றியோ, ஸ்ஃபேலா என்ற உப்புச் சீஸோடோ சாப்பிடலாம். எனக்கு உப்புச் சீஸோடுதான் பிடித்தது. முதல் நாள் இரண்டு சாப்பிட்டேன். அடுத்த நாள் எத்தனை என்று எழுத மாட்டேன்.

ஊரின் நடுவில் மூன்று தளபதிகள் சதுக்கம். பெரிய பெரிய சினார் மரங்கள், அடியில் நாற்காலி போட்ட காபிக் கடைகள், நடுவில் ஒரு கல் தூண். தூணின் மூன்று பக்கமும் மூன்று முகம். இங்கிலாந்தின் கோட்ரிங்டன், பிரான்ஸின் ஹென்றி தெ ரிஞி, ரஷ்யாவின் ஹெய்டன். இந்த ஹெய்டன் பிறப்பால் டச்சுக்காரர். பக்கத்திலேயே இரண்டு பீரங்கிகள், குழந்தைகள் ஏறி உட்கார்ந்து வழவழப்பாகிவிட்டன. சதுக்கத்தில் காபி விலை ஒரு தெரு தள்ளிக் குடிப்பதைவிட ஒன்றரை யூரோ அதிகம். மர நிழலுக்கு வாடகை என்று வைத்துக்கொண்டோம். இந்த ஊரையே சண்டைக்குப் பிறகு வந்த பிரெஞ்சுப் படையின் பொறியாளர்கள்தான் கோடு போட்டு அமைத்தார்கள். அதனால் தெருக்கள் ஒழுங்காக இருக்கின்றன, படிகள்தான் முட்டியை வாங்குகின்றன.

இந்த ஊரில் பிறந்தவர் கோஸ்தீஸ் த்சிக்லித்திராஸ். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவதில் தங்கம். அப்படி ஒரு போட்டி இருந்ததே எனக்குத் தெரியாது. அந்தப் படிகளில் ஏறி இறங்கி வளர்ந்தால் யாருக்கும் கால் பலம் வரும்.

இனி படகு. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

துறைமுகத்தில் சின்னப் படகுகள் நிற்கின்றன. விரிகுடாவைச் சுற்றிக் காட்ட ஒருவர் இருவருக்கும் சேர்த்து ஐம்பது யூரோ கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். ஐயாயிரம் ரூபாய். நான் ராத்திரிச் சாப்பாட்டைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு ஏறிவிட்டேன். படகுக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், ஆங்கிலம் நன்றாகவே பேசினார். முதலில் தெற்கு வாய்க்குக் கூட்டிப் போனார். ஒரு பக்கம் த்சிக்லி பாபா என்ற குட்டித் தீவு, அதன் பாறையில் இயற்கையாகவே ஒரு வளைவு குடைந்திருக்கிறது, மேலே பிரெஞ்சு வீரர்களின் நினைவுச் சின்னம். மறு பக்கம் கரையில் நியோகாஸ்த்ரோ கோட்டை. லெபாண்டோ கடற்போரில் தோற்ற ஒட்டோமான் துருக்கியர்கள் 1573-ல் கட்டியது. இந்த வாய் வழியாகத்தான் 1827 அக்டோபர் 20 அன்று மத்தியானம் இங்கிலாந்து, பிரான்ஸ், ரஷ்யா மூன்றும் சேர்ந்த கூட்டுப்படையின் கப்பல்கள் உள்ளே வந்தன. கோட்டையின் பீரங்கிகள் தலைக்கு மேலே. வந்தவர்கள் 27 கப்பல். உள்ளே குதிரை லாட வடிவில் நங்கூரம் போட்டு நின்ற துருக்கிய, எகிப்தியக் கப்பல்கள் ஏறக்குறைய எண்பது.

“இவ்வளவு பேர் நிக்கிற இடத்துக்குள்ள எதுக்கு அக்கா போனாங்க?” என்று தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த ஜூலையில் லண்டனில் மூன்று வல்லரசுகளும் ஒப்பந்தம் போட்டு, கிரேக்கர்களோடு சண்டையை நிறுத்தும்படி சுல்தானிடம் சொன்னார்கள். சுல்தான் கேட்கவில்லை. எகிப்தை ஆண்ட முகமது அலியின் மகன் இப்ராஹிம் பாஷா சுல்தானுக்கு உதவியாக 1825-லேயே படையோடு வந்து இந்தப் பக்கத்து ஊர்களைச் சூறையாடிக்கொண்டிருந்தார். அவர்களுடைய கடற்படையை விரிகுடாவுக்குள்ளேயே அடைத்து வைக்க வேண்டும். ஆனால் குளிர்காலம் நெருங்கிவிட்டது, வெளியே திறந்த கடலில் பாய்மரக் கப்பல்கள் காவல் நிற்க முடியாது. சரி, நாமும் உள்ளே போய்ப் பக்கத்திலேயே நங்கூரம் போடுவோம் என்று முடிவு செய்தார்கள். முதலில் யாரும் சுடக் கூடாது என்று கோட்ரிங்டன் உத்தரவு. சண்டைக்கு வந்தவர் மாதிரியா இருக்கிறது? ஆனால் டிராஃபல்கர் கடற்போரில் கப்பல் நடத்திய மனிதர், என்ன நடக்கும் என்று தெரியாமலா போயிருப்பார்? எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை.

நடந்தது இதுதான். வாயின் பக்கத்தில் ஒரு துருக்கியத் தீக்கப்பல் நின்றது. பற்ற வைத்து எதிரியின் மேல் மோதவிடுவதற்காகவே வைத்திருப்பது. அதைத் தள்ளிப் போகச் சொல்ல பிரிட்டிஷாரின் ‘டார்ட்மத்’ கப்பலிலிருந்து ஒரு படகு போனது. படகில் இருந்தவர்களைத் துப்பாக்கியால் சுட்டார்கள். அடுத்து ஒரு பீரங்கி வெடித்தது. அதற்குப் பிறகு யார் உத்தரவையும் யாரும் கேட்கவில்லை. பேச்சுவார்த்தைக்கு ‘ஏசியா’விலிருந்து போன கிரேக்க வழிகாட்டியையும் கொன்றுவிட்டார்கள். நான்கு மணி நேரம், நங்கூரம் போட்டபடியே, கைக்கெட்டும் தூரத்தில் நின்று ஒருவரை ஒருவர் சுட்டார்கள். ஓட இடமில்லை, காற்றும் இல்லை, புகையில் எதிரே இருப்பது யார் என்றும் தெரியாது. முழுக்கப் பாய்மரக் கப்பல்களே மோதிய கடைசிப் பெரிய கடற்போர் இது.

படகுக்காரர் நடு விரிகுடாவில் எஞ்சினை நிறுத்தினார். “கீழே இருக்கின்றன” என்றார். கூட்டுப்படை ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. அந்தப் பக்கம் பெரும்பாலான கப்பல்கள் போயின, ஆயிரக்கணக்கில் ஆட்கள் செத்தார்கள். எதிரி கையில் சிக்கக் கூடாது என்று தங்கள் கப்பல்களுக்குத் தாங்களே தீ வைத்ததும் உண்டு, ராத்திரி முழுக்க வெடித்துக்கொண்டே இருந்ததாம். இப்ராஹிம் பாஷா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. கூலிக்கும் கட்டாயத்துக்கும் வந்த மாலுமிகள்தான் செத்தது. செத்தவர்களில் எத்தனை பேருக்கு கிரீஸ் என்றால் என்ன என்று தெரிந்திருக்கும்? ஜெயித்தவர்களுக்கு மூன்று இடத்தில் சின்னம் வைத்திருக்கிறார்கள். தோற்ற பக்கத்து மாலுமிகளுக்கென்று படகுக்காரர் எதையும் காட்டவில்லை. அது எனக்கு உறுத்தியது.

‘ஏசியா’ பம்பாயில் கட்டியது என்று படகுக்காரரிடம் சொன்னேன். “நோ, இங்கிலீஷ் ஷிப்” என்றார். போனில் படம் காட்டினேன். பின்பாய்மரம் அன்றைய சண்டையில் முறிந்து விழுந்தது, ஆனால் தேக்கு உடம்பு தாங்கிவிட்டது, 1908-ல்தான் அதை விற்றார்கள் என்றும் சொன்னேன். அவர் மச்சானுக்குப் போன் போட்டு கிரேக்கத்தில் சத்தமாக எதையோ பேசினார், நடுநடுவே “பொம்பே, பொம்பே” என்று மட்டும் கேட்டது. எங்கள் ஊர் மரம் வந்து சண்டை போட்டிருக்கிறது, கட்டணத்தில் தள்ளுபடி கிடையாதா என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். தள்ளுபடி கிடைக்கவில்லை, இறங்கும்போது ஒரு பை அத்திப்பழம் கிடைத்தது.

பிரிட்டிஷ் சின்னம் விரிகுடா நடுவில் ஹெலோனாகி என்ற தட்டைப் பாறையில் இருக்கிறது, தண்ணீருக்கு மேல் அந்தப் பாறை கொஞ்சம்தான். ரஷ்யச் சின்னம் ஸ்ஃபக்தீரியாவில் ஒரு குட்டி வளைவுக் கரையில், பக்கத்திலேயே மரத்தால் ஆன ஒரு ரஷ்யத் தேவாலயம். அங்கே இறங்கிக் குளித்தோம். தண்ணீர் கண்ணாடி. அந்த ஐம்பது யூரோவை யார் கேட்டாலும் மறுபடி கொடுப்பேன்.

லண்டனில் என்ன சொன்னார்கள் தெரியுமா? 1828 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் மன்னர் உரையில் இந்தச் சண்டையை “விரும்பத்தகாத சம்பவம்” என்று குறிப்பிட்டார்கள். துருக்கி பலவீனமானால் ரஷ்யா கொழுத்துவிடும் என்ற பயம். கோட்ரிங்டனை அந்த வருஷமே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1830-ல், அதே லண்டனில் கிரீஸ் தனி நாடு என்று கையெழுத்தும் போட்டார்கள். அரசியல்வாதிகள் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் ஒரே ரகம்.

சந்தோஷம் போதும், டாக்சிக்காரர் கதைக்கு வருகிறேன். பீலோஸிலிருந்து வடக்கே சுமார் பதினேழு கிலோமீட்டரில் நெஸ்டரின் அரண்மனை இருக்கிறது. டிராய்ப் போருக்குப் போன அந்தக் கிழட்டு ராஜா நெஸ்டரின் பெயரில் அழைக்கிறார்கள். பஸ் நேரம் சரிப்படவில்லை. ஒரு டாக்சிக்காரர், போக, அங்கே காத்திருக்க, திரும்ப எல்லாம் சேர்த்து நாற்பது யூரோ என்றார். இரண்டு விரலை நீட்டி, நான்கு விரலை நீட்டி, பேசி முடித்துத்தான் ஏறினோம். திரும்பி வந்து இறங்கியதும் எழுபது என்கிறார். காத்திருந்ததற்குத் தனியாம். காத்திருந்தது எங்கே? மரத்தடியில் சீட்டைச் சாய்த்துப் போட்டுக் குறட்டை விட்டதை நானே பார்த்தேன். தங்கைக்குக் கோபம் வந்தால் ஜெர்மன் வரும். அவள் ஜெர்மனில், அவர் கிரேக்கத்தில், நான் “நாப்பதுன்னு சொன்னீங்கல்ல” என்று தமிழில். பக்கத்துக் காபிக் கடையிலிருந்து இரண்டு தாத்தாக்கள் எழுந்து வந்து பஞ்சாயத்து செய்தார்கள். ஐம்பதில் முடிந்தது. பத்து யூரோ போனது போனதுதான். ஏறும் முன்னால் தொகையை ஒரு தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள், போனில் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

அரண்மனை ஐம்பது யூரோவுக்கு மதிப்பா? எனக்கு ஆமாம், தங்கைக்கு இல்லை. சுவர்கள் முழங்கால் உயரம்தான் மிச்சம், மேலே பெரிய கூரை, தொங்கு பாலத்தில் நடந்தபடி குனிந்து பார்க்க வேண்டும். சுடுமண் குளியல் தொட்டி ஒன்று இருந்த இடத்திலேயே இருக்கிறது, மூவாயிரத்துச் சொச்சம் வருஷமாக. 1939-ல் கார்ல் பிளெகன் தோண்டியபோது இங்கே குவியலாக எழுத்துப் பதிந்த மண் பலகைகள் கிடைத்தன. கி.மு. 1200 வாக்கில் அரண்மனை எரிந்தபோது வெந்து இறுகியதால்தான் அவை தப்பின, இல்லையென்றால் கரைந்திருக்கும். 1952-ல் மைக்கேல் வெண்ட்ரிஸ் அந்த எழுத்தைப் படித்துவிட்டார். அதில் காவியம் ஒன்றும் இல்லை. எத்தனை ஆடு, எவ்வளவு எண்ணெய், யாருக்கு எவ்வளவு வெண்கலம் கொடுத்தோம் என்ற கணக்கு. இதைச் சொன்னதும் தங்கை என் கணக்கு நோட்டைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கட்டும். நோட்டில் எழுதி வைத்ததால்தான் கையில் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குத் துணிந்து உட்கார முடிந்தது.

அந்தச் சாப்பாடு! படகு நாளன்று அடித்துவிட்ட சாப்பாட்டுக்கும் சேர்த்து யாலோவாவில் சாப்பிட்டோம். விரிகுடாவின் வடகரையில் உள்ள குட்டி ஊர். மேசையின் கால் கிட்டத்தட்ட தண்ணீரில் நிற்கிறது. கம்பியில் ஆக்டோபஸைத் தொங்கவிட்டுக் காய வைத்திருந்தார்கள், அதில் ஒரு காலை வெட்டிக் கரி அடுப்பில் சுட்டு, எலுமிச்சை பிழிந்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். வெளியே லேசாகக் கருகல், உள்ளே மெத்து. கூடவே ஃபாவா. மஞ்சள் பட்டாணிப் பருப்பை மசிய வேக வைத்து, பச்சை வெங்காயம் தூவியது. நமக்குத் தாளிப்பு இல்லையே என்று மனம் தேடும், இரண்டாவது வாயில் மறந்துவிடும். அப்புறம் சுட்ட மத்தி மீன், தலையோடு. தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை. ரொட்டியால் தட்டில் இருந்த எண்ணெயைத் துடைத்துத் துடைத்துத் தின்றோம். மெசீனியா ஆலிவ் எண்ணெயின் ஊர், அங்கே எண்ணெயைக் கணக்குப் பார்த்து ஊற்றுபவர் யாரும் இல்லை. தங்கை ஒரு கோப்பை ஒயின் குடித்தாள், அம்மா இணையத்தில் கட்டுரை படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மொத்தம் முப்பத்தொரு யூரோ. கடைசியில் கேட்காமலேயே திராட்சை ஒரு தட்டு வந்தது, அதற்குப் பில் இல்லை. நான் இரண்டு முறை சரிபார்த்தேன்.

அடுத்த நாள் வொய்தொகிலியா கடற்கரை. ஒமேகா எழுத்து வடிவில் அரை வட்ட மணல், படங்களில் எல்லாரும் மேலிருந்து எடுத்துப் போடும் இடம். படத்தில் தெரியாதது என்னவென்றால் அங்கே நிழல் கிடையாது, கடை கிடையாது, கழிப்பறை கிடையாது. பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் எதையும் கட்ட விடுவதில்லை. அதனால்தான் அந்த அழகு மிச்சம் இருக்கிறது என்பது சரி, ஆனால் தண்ணீர் பாட்டில் குறைந்தது இரண்டு எடுத்துப் போங்கள். பின்னால் இருக்கும் யாலோவா காயலில் பூநாரைகள் வரும் காலம் உண்டு, நாங்கள் தூரத்தில் கொக்கு வகையறாவைத்தான் பார்த்தோம். ஆப்பிரிக்கப் பச்சோந்தி ஐரோப்பாவில் வாழ்வது இந்தச் சுற்றுப்புறத்தில்தான். பச்சோந்தியைத் தேடி ஒரு மணி நேரம் புதர் புதராகப் பார்த்தோம். அது எங்களைப் பார்த்திருக்கும்.

கரையிலிருந்து மணல் மேடு ஏறினால் நெஸ்டரின் குகை, அதற்கும் மேலே 13-ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த பிராங்குகள் கட்டிய பழைய கோட்டை. ஏற்றம் செங்குத்து, செருப்போடு போகாதீர்கள். மேலே நின்றால் ஒரு பக்கம் ஒமேகா மணல், இன்னொரு பக்கம் காயல், தெற்கே மணல் தட்டிய அந்த வடக்கு வாய்க்காலும், அதற்கு அப்பால் ஸ்ஃபக்தீரியாவும், விரிகுடா முழுவதும். படகில் புரியாத மிச்சம் இங்கே புரிந்தது.

இந்த இடத்தில் இன்னொரு சண்டையும் உண்டு. கி.மு. 425-ல் ஏதென்ஸ்காரர்கள் இந்தக் குன்றில் வந்து மண்ணாலும் கல்லாலும் காவல் கட்டினார்கள். ஸ்பார்ட்டாக்காரர்கள் 420 பேரை எதிரே ஸ்ஃபக்தீரியாவில் இறக்கினார்கள். விரிகுடாவுக்குள்ளேயே நடந்த கப்பல் சண்டையில் ஏதென்ஸ் ஜெயித்ததும், தீவில் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே பொறி! அப்போதும் உள்ளே வந்தவனுக்கு வெளியே போக வழியில்லை. தீவின் காடு தற்செயலாகத் தீப்பிடித்து எரிந்து, ஒளிந்திருந்தவர்கள் எத்தனை பேர், எங்கே என்று தெரிந்துவிட்டது. சாவானே தவிரச் சரணடைய மாட்டான் என்று பேர் வாங்கிய ஸ்பார்ட்டா வீரர்கள் 292 பேர் கேடயத்தைக் கீழே போட்டார்கள். மொத்த கிரேக்க உலகமும் வாயைப் பிளந்ததாம்.

எப்போது போவது என்று கேட்டால், வீட்டம்மா அக்டோபர் 20-க்கு வரச் சொன்னார். அன்றைக்கு மூன்று நாட்டுப் பிரதிநிதிகளும் வந்து மலர்வளையம் வைப்பார்கள், ராத்திரி தண்ணீரில் ஒரு மாதிரிக் கப்பலைக் கொளுத்திச் சண்டையை நடித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வாரம் அறை விலை ஏறும், அவரே சொன்னார், கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல். கூட்டம் வேண்டாம், குளிக்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசிதான் சரி. கார் ஓட்டத் தெரிந்தவர்கள் கலமாட்டாவில் வாடகைக்கு எடுத்துவிடுங்கள், டாக்சிக்கும் பஸ்ஸுக்கும் அழுததைக் கூட்டினால் எங்களுக்குக் கிட்டத்தட்ட அதே காசு ஆகியிருக்கும். நியோகாஸ்த்ரோ கோட்டைக்குள் அரை நாள் ஒதுக்குங்கள். மசூதியாக இருந்து தேவாலயமான கட்டடம், வெகு காலம் சிறையாக இருந்த உட்கோட்டை, ஒரு தொல்பொருள் காட்சியகம் எல்லாம் உள்ளேயே. மதில் மேல் நடந்தால் அந்தத் தெற்கு வாய் நேர் கீழே.

திரும்பி ஏதென்ஸில் விமானத்துக்கு முன்னால் ஒரு மதியம் மிச்சம். பழைய அகோராவுக்கு, அதாவது அந்தக் காலத்துச் சந்தைத் திடலுக்கு, போகலாம் என்றேன். “இன்னொரு டிக்கெட்டா?” என்று தங்கை முறைத்தாள். உள்ளே காட்சியகத்தில் நசுங்கி, பச்சை பிடித்து, ஓட்டை விழுந்த ஒரு வெண்கலக் கேடயம் இருக்கிறது. பீலோஸில் ஸ்பார்ட்டாக்காரர்களிடமிருந்து ஏதென்ஸ்காரர்கள் எடுத்தது என்று அதன் மேலேயே குத்தி எழுதியிருக்கிறார்கள். அந்த 292 பேரில் ஒருவனுடையதாக இருக்கலாம். நான் கண்ணாடியில் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“292 பேர் போட்டாங்கன்னு சொன்னியே, ஒண்ணுதானா மிச்சம்?” என்றாள்.

“மிச்சமெல்லாம் காயலான் கடைக்குப் போயிருக்கும்டி.”